மூன்றாவது தட்டில் இருந்த ஹால் டிக்கெட்

என் புத்தக அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. சுவரோடு பதித்த அலமாரி, ஐந்து தட்டுகள். கீழே இரண்டு தட்டுகளை முடித்துவிட்டு மூன்றாவதற்கு வந்துகொண்டிருந்தது. திருச்சியில் இருக்கும் என் மகள், "எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போடுங்கப்பா, யாரு படிக்கப்போறா" என்று போனில் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். எழுபத்தொன்பது வயதில் நானே படிப்பதில்லை. ஆனால் மூன்றாவது தட்டை மட்டும் வேறொருவர் கையால் காலிசெய்ய விட எனக்கு மனமில்லை. அங்கே நீல அட்டை போட்ட தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திப் பண்ணைகளைப் பற்றியது. அதற்குள் முப்பத்து மூன்று வருடங்களாக ஒரு ஹால் டிக்கெட் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இருந்த ஒரு பெண்ணுடையது.

மறந்துபோயிருந்தேன், கரையான் தயவால் தற்செயலாகக் கண்டெடுத்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். மறக்கவில்லை. அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அந்த நீல முதுகு கண்ணில் படும். படாததுபோல் கடந்துபோகப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் புதுக்கோட்டையில் ஓர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். பெரும்பாலும் அமெரிக்க வரலாறு. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கிடைக்காத காலம் அது. திருச்சியில் ஒரு பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் மஞ்சள் அட்டையில் நோட்ஸ் எழுதினேன். பல வருடங்கள் அது ஓடியது. தேர்வுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் பையன்களைப் பார்த்தால் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் வந்ததும் தெற்கே பருத்திக் காடுகள் பெருகின. காடு பெருகப் பெருக அடிமைகளும் பெருகினார்கள். அந்தப் பஞ்சு வடக்கே போய் ஆற்றங்கரை ஆலைகளில் துணியானது. ஆலைகளில் வேலை பார்த்தது விவசாய வீட்டுப் பெண்பிள்ளைகள். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். அவர்கள் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி மறுபடியும் தெற்கே போய் அடிமைகளுக்கு உடுப்பானது. பறித்தவன் முதுகுக்கே அந்தப் பஞ்சு திரும்பி வந்தது என்று வகுப்பில் சொல்லி நிறுத்துவேன். பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

ஒருமுறை கீரனூர் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்.

"சார், பஞ்சு எடுத்தவன் தெக்க அடிமை. துணி நெஞ்சவன் வடக்க நல்லவன். ரெண்டுக்கும் பஞ்சு ஒண்ணுதானே?"

"அதை உணர்ந்தவங்களும் இருந்தாங்க. அடிமை விளைவிச்ச சீனியை டீயில போட மாட்டேன்னு இருந்தாங்க. பருத்தித் துணியே உடுத்தாம இருந்தவங்களும் உண்டு."

"அவுங்க வீட்ல வேலக்காரவுங்க இல்லையா சார்?"

"அது சிலபஸ்ல இல்லடா, உக்காரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போனபோது காபியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது அந்த ஹால் டிக்கெட்டுக்கு உரிய பெண்தான்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் சொந்த ஊர் ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். எங்கள் வயலில் வேலை செய்த குடும்பங்களும் எங்கள் வேதந்தான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானத்துக்கு எங்கள் வீட்டாரைத்தான் ஞானத்தகப்பனாக, ஞானத்தாயாக நிற்கக் கேட்பார்கள். என் தகப்பனார் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஞானத்தகப்பன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஞானப்பிள்ளைக்கு ஒரு உடுப்பு எடுத்துக் கொடுப்போம். பெற்றவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஞானத்தகப்பன் கடமை. அதற்குப் பதிலாக, நடவுக்கும் அறுப்புக்கும் கல்யாண வேலைக்கும் அந்தப் பிள்ளைகள் வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்குக் கூலி பேசுவதில்லை. ஞானப்பிள்ளைக்குக் கூலி கொடுப்பது அந்த உறவை அவமதிப்பது என்று இரண்டு தரப்பும் நம்பியது. நாங்கள் கொஞ்சம் கூடுதலாக நம்பினோம்.

அவளுக்கு நான் ஞானத்தகப்பன். தாய் பிரசவத்தில் போனாள், தகப்பன் சில வருடம் கழித்துக் கிணற்று வேலையில் போனான். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஒங்க புள்ளைய நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொன்னார். எல்லோர் முன்னாலும் நான் அவள் தலையில் கை வைத்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. புதுக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். அது பொய்யில்லை. அன்று என் மனதில் இருந்தது அன்புதான்.

அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டாள். என் மனைவியை அம்மா என்றாள். என் மகளும் மகனும் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் மூன்று பேரில் ஒருவரைத்தான் கூப்பிடுவோம்.

எட்டாம் வகுப்புவரை அவளைப் படிக்க வைத்தேன். அப்போது என் தாயாருக்கு முடியாமல் போனது. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, வீட்டில் ஆள் வேண்டும். அடுத்த வருடம் சேர்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் வந்தது, போனது. அவள் சும்மா இருக்கவில்லை. என் மகளின் பழைய புத்தகங்களை அடுப்படியில் வைத்துக்கொண்டு தானாகப் படித்தாள். அவள் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். என் நோட்ஸுக்குக் கைப்பிரதியை நல்ல தாளில் திருத்தி எழுதிக் கொடுத்தது அவள்தான். ஓர் அடித்தல் இருக்காது. திருச்சி அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர், "சார், இந்த எழுத்துன்னா கண்ண மூடிக்கிட்டுக் கோப்பேன்" என்பார். முன்னுரையில் நான் பதிப்பாளருக்கு நன்றி சொன்னேன், என் துறைத்தலைவருக்குச் சொன்னேன், பொறுமை காத்த மனைவிக்குச் சொன்னேன். அந்த முன்னுரையையும் அவள்தான் பிரதி எடுத்தாள்.

ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். பத்து மதிப்பெண் கேள்வி அது. அடிமை முறையை ஆதரித்துத் தென்மாநிலத்தார் வைத்த வாதங்கள். முதல் வாதமாக நான் எழுதியிருந்தது: அடிமைகள் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தப்பட்டனர், அவர்களுக்கு ஞானஸ்நானமும் சமயப் போதனையும் அளிக்கப்பட்டன.

"இது நெசமாப்பா, இல்ல அவுங்க சொல்றதா?"

"அவங்க சொல்றது. அதான் வாதம்னு தலைப்பு போட்டிருக்கேன்ல."

"அப்ப மத்தவுங்க சொன்னது எந்தக் கேள்வில வரும்?"

"எந்த மத்தவங்க?"

"ஞானஸ்நானம் வாங்குனவுங்க."

அது அடுத்த கேள்வியில் வரும் என்றேன். அடுத்த கேள்வியில், அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருவதைத் தடுத்த சட்டங்கள் வந்தன. ஏன் அதற்கு அவ்வளவு பயந்தார்கள் என்று கேட்டாள். பண்ணையை விட்டு வெளியே போக அடிமைக்கு எஜமான் எழுதிக்கொடுத்த சீட்டு வேண்டும், எழுதத் தெரிந்துவிட்டால் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு போய்விடுவான் என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். "நல்ல ஐடியாவா இருக்கே" என்றாள். நானும் சிரித்தேன். எவ்வளவு எளிதாகச் சிரித்திருக்கிறேன் என்று இப்போது யோசித்தால் களைப்பாக இருக்கிறது.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்கள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு வந்தாள். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். தனித்தேர்வராக எழுதட்டுமா என்று கேட்டாள். நான் சரி என்றேன். விண்ணப்பத்தை நானே வாங்கி வந்தேன். கீழராஜ வீதியில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். என் மனைவியின் ஊதா நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விண்ணப்பத்தோடு இருந்த ஹால் டிக்கெட் படிவத்தில் அதை ஒட்டி, மேலே அரசு அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் வாங்க வேண்டும். நானே அதிகாரிதானே, பச்சை மைப் பேனாவால் போட்டோவின் மேலேயே என் கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்து அப்போது பெரியதாக இருக்கும். அவள் தாடையில் தொடங்கித் தாளில் போய் முடிந்தது.

இரவும் பகலும் படித்தாள். என் தாயாரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கூட எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். தாயாருக்குப் பக்கவாதம் வந்து அப்போது இரண்டு வருடம். குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, புண் வராமல் பவுடர் போடுவது எல்லாம் அவள்தான். தாயாருக்கு வேறு யார் கையும் ஒத்துக்கொள்ளாது.

பிப்ரவரியில் ஒரு நாள் என் மனைவி சொன்னாள். "இந்தப் புள்ள பாஸாயிடும். பாஸானா போயிரும். ஆத்தாவ யாருங்க பாக்குறது?"

பழியை அவள்மேல் போட்டுவிடலாம். அவள் இறந்து ஆறு வருடமாகிறது, எதிர்த்துப் பேச மாட்டாள். ஆனால் அவள் கேள்விதான் கேட்டாள். தபால்காரர் ஹால் டிக்கெட்டை என் கையில்தான் கொடுத்தார். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் பெயருக்குக் கீழே 'கேர் ஆஃப்' என்று என் பெயர் போட்டு வந்த உறை அது. பிரித்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் திறக்காத புத்தகம் எது என்று யோசித்தேன். நீல அட்டைப் புத்தகத்தில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள்.

"ஹால் டிக்கெட் வந்துச்சாப்பா?"

"இல்ல புள்ள. எங்கிட்டோ மாறிப் போயிருக்கும். ஆபீஸ்ல விசாரிக்கிறேன்."

"நாள் இல்லையே."

"வரலேன்னா என்ன, அக்டோபர்ல மறுபடி வைப்பான். அப்ப எழுதிக்கலாம்."

"சரிப்பா" என்றாள்.

அக்டோபர் என்று சொன்னபோது நான் மனதார நம்பித்தான் சொன்னேன். அதற்குள் தாயாருக்கு ஏதாவது ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வடக்கே சில சீர்திருத்தக்காரர்கள் இப்படித்தான் பேசினார்கள்: விடுதலை வேண்டும், ஆனால் உடனே வேண்டாம், படிப்படியாக. உடனே வேண்டும் என்று சொன்னவர்களை ஊர்க் கூட்டம் கல்லால் அடித்தது. இதை வகுப்பில் நான் உணர்ச்சியோடு நடத்தியிருக்கிறேன். படிப்படியாக என்பவன் எந்தப் படியில் நின்றுகொண்டு பேசுகிறான் என்று பாருங்கள் என்பேன்.

தாயார் இன்னும் நான்கு வருடம் இருந்தார்கள். அதற்குள் நர்ஸ் பயிற்சிக்கான வயது கடந்துவிட்டது. அவளும் மறுபடி கேட்கவில்லை. தாயாரின் வருட பூசை முடிந்ததும் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கொத்தனாருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தேன். கல்யாணச் செலவு என்னுடையது. அதற்கும் ஊர் புகழ்ந்தது. பிற்பாடு அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள், பதினொரு வருடம் இருந்தாள், திரும்பி வந்து சொந்தமாக வீடு கட்டினாள் என்பதெல்லாம் காதில் விழுந்தது. கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். என் மனைவி அடக்கத்துக்கு வந்து, அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காபி போட்டாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்னாலும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்திப் போனேன், பொறாமைப்பட்டேன். இதை மட்டும் சொன்னதில்லை. இது எந்தக் கட்டளையின் கீழ் வரும் என்று எனக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கரையான் ஏறிய அந்த வாரம் முதல்முறையாகச் சொன்னேன். சாமியார் இளம் வயதுக்காரர். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட ஏன் முதல்ல வந்தீங்க?" என்றார்.

அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முழங்கால் வலி. ஹால் டிக்கெட்டைப் பழைய டைரி ஒன்றுக்குள் வைத்துச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் செருகியிருந்தேன். என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். எல்லா ஒத்திகையும் ஒரு முன்னுரையோடு தொடங்கியது. இறங்கிப் போன் செய்ததும் அவள் கணவர் டி.வி.எஸ் வண்டியில் வந்து அழைத்துப் போனார்.

வாசலில் நின்றவள், "வாங்கப்பா, வாங்க" என்றாள். பிறகு, "வழி தெரிஞ்சுதா? அறந்தாங்கி இங்கிட்டேதான் இருக்கு, எங்கயும் போயிரல" என்றாள்.

அந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல்முறை. டைல்ஸ் போட்ட தரை, சுவரில் மாதா படம், மகளின் கல்யாண போட்டோ. கணவருக்கு டி.வி பார்க்கும் நேரம். சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வாத்தியார் வந்திருக்காக, இனி தெரியாம எதையும் பேசக் கூடாது" என்று தன்னையே கேலி செய்துகொண்டு மூலையில் உட்கார்ந்தார். அவள் காபி போட்டு வந்து கொடுத்தாள்.

"சீனி கம்மியாத்தான் போட்டேன். சுகர் எப்படி இருக்கு?"

"இருக்கு. நீ உக்காரு."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வயது ஐம்பத்திரண்டு. முன்தலையில் நரை. கைகள் எனக்குத் தெரிந்த கைகள்தான். நான் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் குவைத் எப்படி இருந்தது என்று கேட்டேன். போய்வந்து பத்து வருடமான பிறகு கேட்டேன்.

"ஏசி வீடு, ஏழு புள்ளைங்க. போன அன்னைக்கே அந்த மேடம் பாஸ்போர்ட்ட வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க. கூட வந்த புள்ளைங்கெல்லாம் ஒரே அழுகை. ஏஜென்ட்டுக்குப் போன் அடிக்கிறதும், சாமி கும்புடுறதும். நான் அழுகல. எனக்குத்தான் அது பழக்கமாச்சே."

வீட்டோடு இருந்த பழக்கத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காபியைக் குடித்து முடித்தேன். பிறகு டைரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் புள்ள. ரொம்ப வருஷத்துக்கு முந்தி, ஆத்தா படுத்த படுக்கையா இருந்தப்ப, வீட்டு நிலமை உனக்குத் தெரியும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஹால் டிக்கெட்டா?" என்றாள்.

டி.வியில் யாரோ சிரித்தார்கள். கணவர் அதை அணைத்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீல அட்டப் புத்தகம், மூணாவது தட்டு. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை ஒங்க புத்தகத்தையெல்லாம் எடுத்துத் தூசி தட்டுனது யாருப்பா?"

யாரும் திறக்காத புத்தகம் எது என்று மட்டும் நான் யோசித்திருக்கிறேன். புத்தகங்களைத் தொடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை யோசிக்கவே இல்லை. அவள் நினைவுக்கே வரவில்லை.

"எப்ப பாத்த?"

"பரிச்சைக்கு நாலு நாள் இருக்கையில."

அதாவது முடிந்துபோன பிறகு இல்லை. எழுதியிருக்கலாம். அவளால் போய் எழுதியிருக்க முடியும்.

"எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே" என்றேன். சொல்லும்போதே அந்தக் கேள்வி எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

"போயிருக்கலாம். சீட்டு எழுதிக்கிட்டு ஓடுனவுங்க கதையெல்லாம் நாந்தானே அழகா எழுதிக் குடுத்தேன். எனக்குத்தான் ஓட வரல." கொஞ்சம் சிரித்தாள். "அது ஒங்க புத்தகத்துல இருந்துச்சு. ஒங்க புத்தகத்துல இருக்கறத நான் எப்புடி எடுக்குறது?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மறுக்கா ஒரு பொய் சொல்லுவீங்க. ஞானத்தகப்பன பொய் சொல்ல வச்சா அந்தப் பாவம் எனக்கும்னு நெனச்சேன். பத்தொம்பது வயசு, கிறுக்குக் கழுத. நீங்களாக் குடுப்பீங்கன்னு இருந்தேன். நாலு நாளும் சாயங்காலம் காபி கொண்டாந்து வச்சுட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். ஞாபகம் இருக்காப்பா?"

ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றதும், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே "என்ன?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்லப்பா, டம்ளருக்கு நிக்கிறேன்" என்று அவள் சொன்னதும். டம்ளரைக் காலிசெய்து கொடுத்தேன். நாலு நாளும் கொடுத்தேன்.

"இவருக்குத் தெரியுமா?" என்று கணவரைக் காட்டிக் கேட்டேன்.

"எனக்குக் கல்யாணமான மாசமே தெரியும்" என்றார் அவர்.

என்னை மன்னித்துவிடு என்றேன். ஒத்திகை பார்த்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை. அவள் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நான் சரின்னு சொல்லிட்டா நீங்க நிம்மதியா பஸ் ஏறிடுவீங்க. நான் இங்க உக்காந்து என்ன பண்ணுறது? ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் அந்தத் தொப்பி வச்ச புள்ளைங்களப் பாப்பேன். நான் ஆத்தாவுக்குப் பாத்ததுல பாதி அதுகளுக்குத் தெரியாது. அதுக்கு என்ன சொல்லுறது?" பிறகு குரலை இறக்கி, "ஆத்தா மேல எனக்குக் கோவம் இல்ல. அது பாவம். குடுங்க, பாப்போம்" என்று கை நீட்டினாள்.

டைரியைத் திறந்து ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேன். ஓரம் பழுத்திருந்தது, போட்டோ கெடவில்லை. அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கணவரும் எழுந்து வந்து தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏய், நல்லாத்தான் இருந்திருக்க."

"பின்ன வயசுல இல்லாம, கட்டையில போறப்பவா நல்லா இருப்பாக?" என்றாள். என்னிடம் திரும்பினாள். "இந்த வயசுல என் போட்டோ இது ஒண்ணுதாம்பா. என் புள்ளைங்க பாத்ததே இல்ல. ஒங்க வீட்டு ஆல்பத்துல எல்லாம் எங்கிட்டாச்சும் என் கை மட்டும் தெரியும், தம்பியப் பிடிச்சுக்கிட்டு."

அதை அவளே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவளுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஏதோ தானம் செய்ததுபோல் ஒரு நொடி இலேசாக உணர்ந்தேன். எழுபத்தொன்பது வயதிலும் இந்தப் புத்தி போகவில்லை.

"ஸ்டூடியோல குடுத்துப் பெருசாக்கலாம்" என்றார் கணவர். "இந்தப் பச்சக் கையெழுத்த கம்ப்யூட்டர்ல அழிச்சுருவான்."

"என் மூஞ்சி அழியாம அழிக்கணும்" என்றாள் அவள்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள். "நீங்க எழுதுவீங்கள்ல. இத எழுதுங்க. ஆத்தாவுக்கு முடியல, வீட்டு நிலமைன்னு சுத்தி வளைக்காம, செஞ்சத எழுதுங்க. பேரு போடாதீங்க, எம் மருமகன் வீட்ல படிப்பாக. இந்தத் தடவ நீங்களே நல்ல தாள்ல பிரதி எடுங்க. எனக்குக் கண்ணு தெரியல."

அதனால்தான் எழுதினேன். இரண்டு வாரமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் நாலைந்து இடம் அடித்தல் விழுகிறது, கிழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். அடித்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. அவள் இருநூறு பக்கம் எழுதினாள், அதுவும் எல்லா வேலையும் முடித்துவிட்டு.

நேற்று போன் செய்தாள். படம் வந்துவிட்டதாம். தாடைப் பக்கம் மட்டும் பச்சை முழுதாகப் போகவில்லையாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சட்டம் போட்டு மாட்டிவிட்டார்களாம்.

"எழுதி முடிச்சிட்டீங்களாப்பா?"

"பாதிதான் ஆயிருக்கு. கை வரமாட்டேங்குது."

"மெதுவா எழுதுங்க, அவசரமில்ல" என்றாள். பிறகு, "அக்டோபருக்குள்ள முடிச்சாப் போதும்."